மனுவுக்கு அறுபத்திரண்டு புள்ளி

சத்தியபாமாவின் கையில் எழுதிய தாள் எதையும் கொடுக்கக் கூடாது. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திவிடுவாள். கணவர் சிறிதரன் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் கடிதங்களைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. "ஒரு பந்திக்கு இவ்வளவு அன்பு அதிகம்" என்று ஓரத்தில் குறித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

1976ஆம் ஆண்டு. சிட்னியில், பரமட்டாவுக்கு மேற்கே ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணிதம் படிப்பித்தேன், அவள் சரித்திரம். ஹோம்புஷில் ஒரு சின்ன பிளாட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தோம். நான் அவளுக்கு மூன்று வருஷம் மூத்தவள், இரண்டு வருஷம் முன்னால் வந்தவள். வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வந்த அன்று சுவரில் படத்தை மாட்டி, பல்லைக் காட்டி, நிரந்தரமாகிவிட்டவள். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பார்கள். நான் குட்டுப்பட்டுப் பழகிப்போனேன்.

அவள் வேறு ஆள். மூன்று வயது மகள் வதனியைத் தகப்பனிடமும் மாமியிடமும் விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏறி வந்தவள். வேலை நிரந்தரமானால்தான் அவர்களைக் கூப்பிடுவது, இல்லையென்றால் ஒப்பந்தம் முடிய ஊருக்குத் திரும்புவது என்று முடிவெடுத்திருந்தாள். ஒன்றரை வருஷமாகப் பிள்ளையைப் பற்றிப் பேசி அழுததில்லை. பிள்ளைக்கு வாங்கிய மழைக்கோட்டு ஒன்று அலுமாரியில் தொங்கியது. அது வதனிக்குச் சின்னதாகிப்போயிருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அமெரிக்கா சுதந்திரம் அடைந்து இருநூறு வருஷமாகிறது என்று அந்த வருஷம் எங்கும் ஒரே பேச்சு. பத்தாம் வகுப்புக்கு அந்தச் சுதந்திரப் போரைப் படிப்பிக்கும்படி அவளிடம் கொடுத்தார்கள். அவளுக்குக் கொண்டாட்டம். யாழ்ப்பாணத்தில் ஏழு வருஷம் படிப்பித்த பாடம், நோட்ஸ் கட்டுக்கட்டாக இருந்தது. வெள்ளைக்காரன் எழுதிய பாடப்புத்தகத்திலிருந்து அவளுடைய ஆசிரியை எடுத்த நோட்ஸ், அதிலிருந்து இவள் எடுத்தது. தலைப்பு, "அமெரிக்கக் குடியேற்றங்களின் இழப்பு." காரணங்கள் ஏழு, விளைவுகள் ஐந்து. இவள் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் எழுத வேண்டும். ஊரில் அதுதான் படிப்பித்தல்.

முதல் நாளே டெபி என்ற பெண் கை தூக்கினாள். செம்பட்டை முடி, நீட்டு வாய். "யாருக்கு இழப்பு, மிஸ்?" என்று கேட்டாள்.

"முதலில் எழுது, பிறகு கேள்" என்றாள் சத்தியபாமா. அந்தப் "பிறகு" வரவேயில்லை.

அடுத்த வாரம், பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை வந்தது. மறுநாள் வகுப்பறையைச் சூடாக்கும் ஹீற்றரில் யாரோ ஈரத் தேயிலைப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அறை முழுக்கக் கருகிய வாசம். யார் செய்தது என்று கேட்டாள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. முப்பத்திரண்டு பேரையும் ஒரு வாரம் முழுக்க மதிய இடைவேளையில் அடைத்து வைத்தாள். ஊரில் என்றால் மறுநாளே பெற்றோர் வந்து நன்றி சொல்லியிருப்பார்கள்.

இங்கே வந்தது மனு. பள்ளி அதிபர் அம்மாவின் மேசைக்கு நேரே போனது. பிரிட்டிஷ் அரசனுக்கு எதிராக அமெரிக்கர்கள் எழுதிய பிரகடனத்தைப் போலவே எழுதியிருந்தார்கள். "மனித வாழ்வில் ஒரு கட்டம் வரும்போது" என்று தொடங்கி ஆறு குற்றச்சாட்டுகள். உட்காரச் சொல்லும்வரை நிற்க வைக்கிறார். கை வலிக்க எழுத வைக்கிறார். கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. தனக்குக் குளிர்கிறது என்று யன்னல்களைப் பூட்டுகிறார். ஒருத்தி செய்ததற்கு எல்லோரையும் தண்டிக்கிறார். எங்கள் பெயர்களைப் பிழையாகச் சொல்கிறார். கீழே முப்பத்திரண்டு கையெழுத்து. டெபியுடையது எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு.

அதிபர் அம்மா தாளை அவளிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வருவது வியாழன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். குசினியில் சாப்பாட்டு மேசைக் கதிரையில் கோட்டையும் கழற்றாமல் இருந்தாள். முன்னால் மனு, சிவப்பு மை. குனிந்து பார்த்தேன்.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர் சத்தியா?"

"கை தானாப் போட்டுது அக்கா. வாசிச்சு முடியேக்கை திருத்தியாச்சு."

நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டிருந்தாள். ஆறாவது குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் "ஆதாரம் இல்லை." நாலாவதுக்கு "உண்மை, ஆனால் அற்பம்." கடைசியில் "முடிவுரை இல்லை. என்ன வேண்டும் என்று சொல்லவில்லை." ஐந்தாவதுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சரி அடையாளம், அதன் கீழே ஒரு சொல்: "பொஸ்டன்."

தன் மேல் வந்த குற்றப்பத்திரிகைக்குப் புள்ளி போட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது பள்ளிக்கூடத்தின்ரை தாள். இதை எப்பிடித் திருப்பிக் குடுப்பீர்? நாளைக்கே போய் மன்னிப்புக் கேளும். வியாழக்கிழமை சுவரிலை ஒரு தேசப் படத்தைத் தொங்கவிட்டு, சிரிச்சுக்கொண்டு பாடத்தை முடியும். சிறிதரனையும் பிள்ளையையும் நினைச்சுப் பாரும்."

"அவையளை நினைச்சுத்தான் யோசிக்கிறன்" என்றாள். பிறகு அந்த "பொஸ்டன்" மேல் விரலை வைத்தாள். "கொஞ்சப் பேர் தேயிலையைக் கொட்டினதுக்கு முழு ஊரின்ரை துறைமுகத்தையும் பூட்டினான் பிரிட்டிஷ்காரன். அதாலைதான் சும்மா இருந்தவனும் சண்டைக்குத் துவக்குத் தூக்கினவன். இதை ஏழு வருஷம் நானே நோட்ஸ் குடுத்தனான். குடுத்துப்போட்டு, நானும் அதையே செய்திருக்கிறன்."

"அதுக்கு?"

"போர் தொடங்கின பிறகும் அவையள் அரசனுக்குக் கடைசியா ஒரு மனு அனுப்பினவை. சமாதானமாப் போவம் எண்டு. அவன் கையாலை வாங்கவே மாட்டன் எண்டிட்டான். என்ரை நோட்ஸிலை அது ஒரு வரி. வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நான் ஒருநாளும் ஒரு பிள்ளையைக் கேட்டதில்லை."

"நீர் இன்ஸ்பெக்டருக்கு முன்னாலை இதைத் தூக்கப் போறீர்."

"ஓம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவளோடு நான் என்ன பேச. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

வியாழன் இரண்டாம் பாட நேரம் எனக்கு வகுப்பில்லை. சரித்திர அறைக்குப் பின்னால் புத்தக அறை, இடையில் சுவர் என்ற பெயரில் இடுக்கு விழுந்த ஒரு பலகை. அங்கே போய் நின்றேன். ஒட்டுக் கேட்கத்தான், வேறெதற்கு.

இன்ஸ்பெக்டர் பின் வரிசையில் அமர்ந்தார். பிள்ளைகள் அரையும் குறையுமாக எழும்பினார்கள். "உட்காருங்கள்" என்று உடனே சொன்னாள் சத்தியபாமா. பிறகு யன்னல் ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. சிட்னியின் ஓகஸ்ட் மாதக் குளிரில் அவளே திறந்திருந்தாள்.

அரசன் வாங்க மறுத்த மனுவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாள். நோட்ஸ் வாசிக்கிற குரல் இல்லை அது. பிறகு தாளை எடுத்தாள்.

"இதுவும் ஒரு மனு. அதிபரிடம் போனது, என்னிடம் வந்தது. வாங்கினேன், வாசித்தேன், அறுபத்திரண்டு போட்டிருக்கிறேன். கூடுதல் புள்ளி வேண்டுமென்றால் இன்று வாதாடி எடுங்கள். நான் அரசன் பக்கம்."

பலகை இடுக்கில் கண்ணை ஒட்டி வைத்தேன். இவளுக்கு இன்றோடு சரி என்று நினைத்தேன்.

முதலில் எழும்பியது டெபி. "ஐந்தாவது, மிஸ். தேயிலைப் பையைத் தொங்கவிட்டது ஒருத்தி. நீங்கள் துறைமுகத்தையே பூட்டினீர்கள்."

"சரி. துறைமுகத்தைப் பூட்டியதால் பிரிட்டனுக்கு என்ன நடந்தது?"

"மற்ற ஊர்கள் பொஸ்டனுக்குச் சாப்பாடு அனுப்பின. அதுவரை ஒன்றையொன்று பிடிக்காத ஊர்கள்."

"இந்த வகுப்பில்?"

பின்னாலிருந்து இன்னொருத்தி சொன்னாள். "எனக்கு டெபியைப் பிடிக்காது, மிஸ். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்."

சிரிப்புக் கிளம்பியது. சத்தியபாமா அது அடங்கும்வரை பொறுத்தாள். "ஐந்தாவது குற்றச்சாட்டு உண்மை. நான் செய்தது பிழை. இனி ஒருத்திக்காக எல்லோரையும் தண்டிக்க மாட்டேன்" என்றாள். பதினைந்து வருஷம் ஆசிரியையாக இருந்த நான் ஒரு வகுப்புக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னதேயில்லை.

அதற்குப் பிறகு வரி, படை, பாராளுமன்றத்தில் தங்கள் ஆளில்லாமல் போட்ட சட்டம் என்று வகுப்பே சந்தைக்கடையானது. எல்லாவற்றுக்கும் அவள் இறங்கிப் போகவில்லை. நோட்ஸ் எழுதுவது தொடரும், பாதி நேரம்தான், ஆனால் தொடரும் என்றாள். பெயர் விஷயத்தில் அசையவேயில்லை. வரவு இடாப்பை எடுத்து முப்பத்திரண்டு பெயரையும் பிழையில்லாமல் வாசித்தாள். "இப்போது என் பெயரை ஒருத்தி சொல்லுங்கள்" என்றாள். ஏழு மாதமாக "மிஸிஸ் எஸ்" என்று கூப்பிட்டவர்கள் மேசையைப் பார்த்தார்கள். ஆறாவதுக்குப் புள்ளி கூடவில்லை.

மணி அடிக்கும்போது டெபி கேட்டாள். "முதல் நாள் கேட்டேன், மிஸ். யாருக்கு இழப்பு?"

"கேட்டது காதில் விழாதவனுக்கு" என்றாள் சத்தியபாமா. "உனக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும்."

புள்ளி எழுபத்தொன்றானது. எண்பது தரவேண்டும் என்று தாழ்வாரம் வரை கத்திக்கொண்டு போனார்கள். மறுநாள், விளக்கம் கேட்ட அதிபர் அம்மாவிடம் சத்தியபாமா அந்தத் தாளையே கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்தது. நிரந்தரம். வகுப்பில் சத்தம் அதிகம் என்று ஒரு குறை மட்டும் எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள், குசினிக் கதிரையில் இருந்துகொண்டு முதல்முறையாக அழுதாள், பிறகு சிவப்புப் பேனாவைத் தேடினாள். நான் அதைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன்.

அடுத்த ஜனவரியில் சிறிதரனும் வதனியும் வந்தார்கள். விமான நிலையத்துக்கு நானும் போனேன். அளவு பார்க்காமல் வாங்கிய புது மழைக்கோட்டு ஒன்று அவள் கையில் இருந்தது, வெளியே கொளுத்தும் வெயில். வதனிக்கு ஐந்து வயதாகியிருந்தது. தாயைப் பார்த்ததும் தகப்பனின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். சத்தியபாமா கையை நீட்டினாள், பிள்ளை வரவில்லை.

"ஏன் என்னை விட்டிட்டுப் போனனீங்கள்?" என்று அங்கிருந்தபடியே கேட்டது.

சிறிதரன் பதறிப்போனார். "அப்பிடிக் கேக்கக் கூடாது பிள்ளை, அம்மா பாவம்" என்றார். நானும் வாயில் வந்த எதையோ சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

சத்தியபாமா எங்கள் இரண்டு பேரையும் கையால் நிறுத்தினாள். பெட்டிகளும் வண்டிகளும் போய்வருகிற அந்த நிலத்தில், நல்ல சேலையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ கேட்டது சரி" என்றாள். "இன்னும் என்னென்ன இருக்குது, எல்லாத்தையும் சொல்லு. அம்மா கேக்கிறன்."

வதனி தகப்பனின் காற்சட்டையை விட்டுவிட்டு முன்னால் வந்து, விரலை மடித்து, ஒன்று இரண்டு என்று சொல்லத் தொடங்கினாள். சனம் எங்களைச் சுற்றிப் போனது. பத்து விரலும் மடிந்து முடியும்வரை சத்தியபாமா எழும்பவில்லை.