உட்காராத வில்டா

வில்டா ரோஸ்டாட் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஹால்டன் லாட்ஜின் சமையலறையில் நான் கரண்டி பிடிக்க வந்த நாள் முதல் அவள் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். காப்பிக் கோப்பையில் சூப்பை ஊற்றி, என் அடுப்புக்கு எதிரே நின்று இரண்டு வாய் குடிப்பாள். அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது கையைத் தூக்கியிருப்பார்கள். கோப்பையைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். அலமாரியில், துணிக்கூடையில், ஒருமுறை ஃப்ரிட்ஜுக்குள்கூட அவளுடைய பாதிச் சூப்பைக் கண்டெடுத்திருக்கிறேன். காலில் சக்கரம் கட்டிய பிறவி. அவளைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்கும்.

"ஒரு நிமிஷம் அந்த ஸ்டூல்ல குந்தினா உன் குடியா முழுகிடும்?" என்பேன்.

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராது ஆர்லோ. மீன் வெந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

கோதுமை விளையும் ஊரில் பிறந்தவள். ஒரே ஒரு கோடைக்கு என்று சொல்லி, சின்னப் பெண்ணாக இந்த ஏரிக்கரைக்கு வந்தாள். அறைகளில் படுக்கை விரிக்கும் வேலை. அந்த ஒரு கோடை இன்னும் முடியவில்லை. பனி உருகியதும் லாட்ஜ் திறக்கும், மறுபடி பனி விழுவதற்குள் மூடும். மூடியதும் அவள் அரிசோனாவில் வேறொரு ஓட்டலுக்குப் போவாள், திறந்ததும் இங்கே வருவாள். நடுவில் ஒரு கல்யாணம் வந்தது, போனது. டேனிக்கா என்று ஒரு மகள் பிறந்தாள். பணியாளர் விடுதியில் குழந்தைகளுக்கு இடம் கிடையாது. அதனால் கோடை முழுக்க அந்தப் பிள்ளை கிரேட் ஃபால்ஸ் நகரத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தது. அந்த மாதங்களில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்தது எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் போன் ஒன்றுதான்.

அந்த போனில் அவள் மலையைப் பற்றித்தான் பேசுவாள். கூடத்து ஜன்னல்களுக்கு நேரே, ஏரிக்கு அக்கரையில், மவுண்ட் ஹால்டன் நிற்கிறது. பொழுது சாயும்போது அதன் உச்சிப்பனி ரோஜா நிறமாகும். நூறு வருஷமாக ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடத்தான் இந்த மரக்கட்டைக் கட்டடத்துக்கு வருகிறார்கள். என் மீனுக்காக ஒருவரும் வருவதில்லை, அது எனக்குத் தெரியும். வில்டாவும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையால் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே, "கண்ணு, இன்னிக்கு மலை எப்படி இருக்கு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். அவசரக்காரிக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது.

ஜன்னல் மேசைகள் விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். முதலில் வந்தவருக்கு முதலில். யாருக்கும் பிடித்து வைக்க மாட்டாள். பெரிய பணக்காரர் ஒருவர் கையில் நோட்டைத் திணிக்க வந்தபோது, அவரை வாசல் பெஞ்சைக் காட்டி உட்கார வைத்தவள் அவள்.

அப்படிப்பட்டவள் ஆகஸ்டில் ஒரு நாள் என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"வியாழக்கிழம பதினாலாம் மேசைய நான் பிடிச்சு வைக்கப் போறேன். யாருகிட்டயும் மூச்சு விடாதே."

"உன் சட்டம் என்ன ஆச்சு?"

"சட்டம் கெடக்கட்டும். டேனிக்கா வர்றா. சியாட்டிலுக்கு வீடு மாறிப் போறாளாம், போற வழியில இங்க சாப்பிட்டுட்டுப் போறேன்னா. அவ இதுவர இங்க வந்ததே இல்லப்பா. அந்த மலைய ஒரு தடவ பாத்துட்டா போதும், அவளுக்குப் புரிஞ்சிடும்."

என்ன புரியும் என்று நான் கேட்பதற்குள் கதவு ஆடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம்.

செவ்வாய்க்கிழமை மேற்கு மேட்டுக்குப் பின்னால் காடு பற்றிக்கொண்டது. ஆகஸ்டில் இது எங்களுக்குப் புதிதல்ல. நெருப்பு வெகு தூரத்தில்தான் இருந்தது, ஆனால் புகை முழுவதும் ஏரிமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் அக்கரை மரங்கள் மறைந்தன, பிறகு மலை. புதன்கிழமை படகுத்துறையும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம்.

வில்டாவின் பாடு சொல்ல முடியாது. தட்டை வைக்க வருவாள், ஜன்னலுக்குப் போவாள், கண்ணாடியைத் துணியால் துடைப்பாள், அழுக்கு உள்ளே இருக்கிறது என்பதுபோல. பின்வாசலுக்கு ஓடி விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடிப்பாள்.

"காத்து எந்தப் பக்கம்டா அடிக்குது?"

"நான் என்ன காத்தாடியா? போய் மேசையப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கே அந்தக் கேலி பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் டேனிக்கா வந்தாள். உயரமான பெண், அம்மாவின் அதே மோவாய். பதினாலாம் மேசை நான் தட்டு நீட்டும் திறப்புக்கு நேரே இருந்தது. பெண்ணைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் மீனை நானே எடுத்துக்கொண்டு போனேன். பேச்சு அங்கே சூடாகத்தான் இருந்தது.

"எங்கம்மா அந்த மலை?"

"அந்தக் கொடிக்கம்பத்துக்கு நேர் மேல. நாளைக்குக் காத்து திரும்பினா..."

"நாளைக்கு நான் சியாட்டில்ல இருப்பேன்." அவள் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஜுரம்னு சொன்னாலும் நீ போன்ல மலை ரோஸ் கலர்ல இருக்குன்னுதான் சொல்லுவே. அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"தண்ணி ஊத்தட்டுமா?"

"தண்ணி வேணாம். கொஞ்சம் உக்காரேன்மா."

"யூனிஃபார்மோட கூடத்துல உக்காரக் கூடாது கண்ணு. ஏழாம் மேசைக்கு ரொட்டி போகணும், இதோ வந்துடுறேன்."

இதோ வந்தாள், இதோ போனாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் மகள் ஏதோ ஆரம்பிப்பாள், ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு கை உயரும். அடுப்படியில் நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டேனிக்கா முள்கரண்டியையும் கத்தியையும் தட்டில் சேர்த்து வைத்தாள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மனதில் இருப்பதைச் சொல்லிவிடத் துணிந்திருந்தாள் என்று முகமே சொன்னது. வாயைத் திறந்தாள்.

எங்கள் தொழிலில் முள்கரண்டியும் கத்தியும் சேர்ந்து கிடந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நடப்பது புத்தியைக் கேட்டு நடப்பதில்லை. வில்டாவின் ஒரு கை தட்டை எடுத்தது, மறு கை ரொட்டித் துகளைத் துடைத்தது, ஏப்ரன் பையிலிருந்து பில் அட்டையை உருவி மகளின் முன்னால் வைத்தது. அவள் வாய், ஊருக்கெல்லாம் சொல்வதையே சொன்னது.

"அவசரமே இல்லைங்க. உங்க சௌகரியம்போல."

இடத்தைக் காலி செய்யுங்கள், ஆள் காத்திருக்கிறது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது தெரியாதவர் யாரும் எந்தச் சாப்பாட்டுக் கூடத்திலும் இல்லை. டேனிக்காவுக்கும் தெரிந்தது. அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நானே கிளம்பறேன்மா," என்றாள். "நீ சொல்லவே வேணாம்."

பணத்தை வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வில்டா நின்றாள். அப்போதும் அந்தப் பாழாய்ப்போன கை சும்மா இருக்கவில்லை, அடுத்த ஆளுக்குப் புதுத் துணியை விரித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திறப்பில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"வில்டா, அந்தத் துணியக் கீழ போட்டுட்டு ஓடு."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் துணியையும் தட்டையும் அங்கேயே போட்டாள். அத்தனை மேசைகளையும் அந்தரத்தில் விட்டுவிட்டு என் சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு ஓடினாள். கை தூக்கியவர்களைக் கவனிக்காமல் அவள் மேசைகளை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. மேனேஜர் வந்து குதித்தார். "நான் பரிமாறறேன், நீங்க வேணா மீன் சுடுங்க," என்றேன். அவர் அடங்கிப் போனார்.

கொஞ்சம் கழித்துப் பின்வாசலில் எட்டிப் பார்த்தேன். குப்பைத் தொட்டிகளுக்கு எதிரே, புகைக்குள், ஒரு கார். முன் இருக்கைகளில் இரண்டு தலைகள். ஒன்று பேசிக்கொண்டிருந்தது, இன்னொன்று குனிந்திருந்தது. ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் வைத்துச் சுட்ட இனிப்பில் இரண்டு துண்டு கொண்டுபோகலாமா என்று நினைத்தேன். பரிமாறினது போதும் என்று தோன்றியது. கதவைச் சாத்திவிட்டேன்.

வில்டா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. புகை என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் மத்தியானம் காற்று திரும்பியது. சாயங்காலம் மலை கழுவி வைத்த மாதிரி நின்றது. நான் பார்த்த இத்தனை கோடைகளில் உச்சி அப்படிச் சிவந்ததில்லை. கூடத்தில் ஆட்கள் சாப்பாட்டை மறந்து எழுந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவர் போன் அடித்தது. வில்டா எடுத்தாள்.

"சேந்துட்டியா கண்ணு? தொண்ட எப்படி இருக்கு? புகை ஒத்துக்கலியே உனக்கு. ராத்திரி இருமினியா?"

திறப்பு வழியாக நான் மலையைக் காட்டிக் கையை ஆட்டினேன். சொல்லு, சொல்லு என்று வாயசைத்தேன். ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"இங்கயா? இங்க ஒண்ணும் விசேஷம் இல்ல. நீ சொல்லு, வீடு எப்படி இருக்கு?"

கூடத்தில் யாரோ கை தட்டிக் கூப்பிட்டார்கள். வில்டா காலால் என் வெங்காய மூட்டையைச் சுவரோரமாக இழுத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.