மூன்று கண் ஃபேக்ஸ்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை. ஐந்தாவது தங்கச்சி பெற்றது. அவள் போன பிறகு என்னிடம் வந்தது. ஐந்தும் பெரிய படிப்புப் படித்தன. வறுபடுகிற மல்லியை மோந்து பார்த்து இறக்கும் பதம் சொல்ல அதில் ஒன்றுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

லிட்டில் இந்தியாவில் மசாலா அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். வீடு புக்கிட் மேராவில். காலையில் பஸ் பிடித்து வந்து நான்தான் கதவைத் திறப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது இரண்டே வருடம். எண்கள் நன்றாக வரும். எழுத்து, கடைப் பலகை அளவுக்குப் பெரிதாக இருந்தால் வரும். அதனால் ஆர்டர் தாளை என் கையாலேயே வரைந்தேன். ஒரு மிளகாய், ஒரு மல்லிக்கொத்து, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு சீரகம், ஒரு மீன். மீன் என்றால் மீன் குழம்புத் தூள். சீரகம்தான் சரியாக வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் எறும்பு என்றார்கள். எறும்பை யார் கிலோ கணக்கில் கேட்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தத் தாளைச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறேன். எத்தனை கிலோ வேண்டுமோ அத்தனை கோடு படத்துக்குப் பக்கத்தில் போட்டு ஃபேக்ஸில் அனுப்புவார்கள். மெஷின் கூவும், முனகும், தாளைத் துப்பும். நான் கோட்டை எண்ணி, கீழே ஒரு சரி போட்டு, அதே தாளைத் திருப்பி அனுப்புவேன். இத்தனை வருடத்தில் என் கடையில் இன்றைக்கு என்ன ஆர்டர் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

இரண்டாவது மகன்தான் என்னோடு கடையைப் பார்க்கிறான். ஒரு நாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“ம்மா, இதுக்கு இனிமே மை ரோல் கிடைக்காதாம். ஃபேக்ஸ் லைன கட் பண்ணிட்டு இன்டர்நெட் ஃபேக்ஸ் போட்டுடுவோம்.”

“அதுல பேப்பர் எந்தப் பக்கமா வரும்?”

“பேப்பரே வராதும்மா. என் போன்ல வரும். நான் பாத்துச் சொல்றேன், நீங்க ஹேப்பியா உக்காந்திருங்க லா.”

ஹேப்பியாக உட்கார்ந்திருப்பதாம். என் கடை ஆர்டர் அவன் சட்டைப் பையில் கிடக்கும். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு, “தம்பி, இன்னைக்கு என்ன வந்திருக்கு?” என்று கேட்க வேண்டும். நினைத்ததுமே மிளகாய் நெடி ஏறியதுபோல் எனக்குக் காது சுட்டது.

மூன்று நாள் சண்டை போட்டோம். கம்பி வழியாக வருவதுதான் நிஜ ஃபேக்ஸ், மற்றது எல்லாம் காற்றில் வருகிற புரளி என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு நாள் மட்டும், ஆர்டர் எப்போதும்போல மெஷினில் வரட்டும். சரி போட்ட தாளை மட்டும் புது போனில் படம் பிடித்து இன்டர்நெட் ஃபேக்ஸாக நான் அனுப்ப வேண்டும். ஒழுங்காகப் போனால் லைனை வெட்டிவிடலாம். தப்பாகப் போனால் லைன் இருக்கும், அவனும் வாயை மூடிக்கொள்வான். தப்பாகத்தான் போகும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை போனை வாங்கிவந்து, எதை எதைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மூட்டை எடுக்கப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை அதுவுமாகப் புதுச் சாமான் கடைக்குள் வந்திருக்கிறது, பொட்டு வைக்காமல் வேலை வாங்க முடியுமா? அரைக்கும் மெஷினுக்கு வைத்தேன், தராசுக்கு வைத்தேன், ஃபேக்ஸ் மெஷினுக்கும் வைத்தேன். எல்லாம் இன்றுவரை ஓடுகின்றன. ஆனால் இந்தப் போனுக்கு நெற்றி எது? முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. திருப்பிப் பார்த்தால், மேலே ஓரத்தில் மூன்று கண்கள்!

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மூன்று கண் இருந்தால் அது யார் என்று எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. விபூதியைக் குழைத்து, மூன்று கண்ணையும் சேர்த்துப் பட்டையாக இழுத்தேன். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

அந்த நேரம் மெஷினில் ஆர்டர் வந்தது. இரண்டு தெரு தள்ளி மீன் தலைக் கறிக் கடையில் சமைக்கும் பண்டாரி அனுப்பியது. சரி போட்டு, போனில் படம் பிடித்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கடை டெலிபோன் அடித்தது.

“அக்கா, என்னக்கா இது? பேப்பர் பூரா ஒரே புகையா இருக்கு. மறுபடியும் பக்கத்து நாட்டுல காடு எரியுதா?”

“கண்ணத் தொடச்சிக்கிட்டுப் பாரு தம்பி. உனக்குப் பொரை விழுந்திருக்கும்.”

“பொரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சரி போட்டீங்களா இல்லையா? மீன் வந்து எறங்கிருச்சு. இருங்க, நானே வர்றேன்.”

வந்தார். கையில் போன். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உண்மைதான், பனியில் பௌர்ணமி நிலா எழும்புவதுபோல் இருந்தது. மேசை மேல் கிடந்த என் போனைத் திருப்பிப் பார்த்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கேமராக்கா அது! சாமிக்குக் கண்ண மூடி விட்டுட்டு, பாருன்னா எப்படிப் பாக்கும்?”

எனக்கு ரோசம். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும்தான். ஒப்பந்தப்படி தப்பாகப் போய்விட்டது, லைன் பிழைத்தது. அப்போதுதான் ஒன்று உறுத்தியது.

“நான் அனுப்புனது உன் போன்ல எப்படி வந்துச்சு? உன் மெஷின் என்ன ஆச்சு?”

“மெஷினா? அதத் தூக்கிப் போட்டு ரெண்டு தீவாளி ஆச்சு. நான் போன்லதானே அனுப்புறேன். உங்க பக்கம்தான் பேப்பராப் போயி விழுது.”

இரண்டு வருடமாகக் காற்றில் வந்த புரளியை, நான் நிஜ ஃபேக்ஸ் என்று கோடு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பண்டாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் அனுப்பிய தாளைத் தன் போனில் எடுத்துக் காட்டினார்.

“இதே பேப்பர்தான் பாருங்க. ரெண்டு வெரல வச்சு இப்படி விரிங்க.”

விரித்தேன். மிளகாய் புடலங்காய் அளவுக்கு நீண்டது. கோடுகள் விறகுக் கட்டை மாதிரி தடியாக நின்றன. கண்ணாடி போடாமலேயே எண்ணினேன்: ஆறு. மீனுக்கு நான்கு. சீரகத்தை விரித்துப் பார்த்தேன். எத்தனை பெரிதாக்கினாலும் எறும்புதான்.

மகன் வந்தபோது பண்டாரி தூளோடு போய்விட்டார். மகன் பல் குத்தும் குச்சியால் கேமரா இடுக்கிலிருந்து சந்தனத்தை நோண்டி எடுத்தான்.

“சரிம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. லைன் இருக்கட்டும்.”

“வெட்டிடு,” என்றேன்.

குச்சி அப்படியே நின்றது. “என்னம்மா சொல்றீங்க?”

“வெட்டிடுன்னு சொன்னேன். ஆனா இந்தப் போன் கடையிலயே இருக்கும், எங்கிட்ட. உன் பையிலயும் வரும், எம் பையிலயும் வரும்கிற கதை வேணாம். ஒரு எடத்துல வந்தாப் போதும்.”

லைன் போய்ச் சில வாரம் ஆகிறது. போன வாரம் காலையில் அவன் வேனிலிருந்து கூப்பிட்டான், ரோட்டில் ஜாமாம்.

“ம்மா, இன்னைக்கு என்ன ஆர்டர் வந்திருக்கு? மல்லி எத்தனை கிலோ எடுக்கணும்?”

“இரு, பாத்துச் சொல்றேன்,” என்றேன். இரண்டு விரலை வைத்து விரித்தேன். ஏற்கெனவே எண்ணி வைத்திருந்ததுதான், இருந்தாலும் ஒருமுறை நிதானமாக எண்ணினேன். அவன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்லத் தட்டியது என் பேத்தி. பண்டாரி வந்த இடத்தில் மட்டும் மூன்று தடவை சிரித்தாள். அங்கே எதையாவது கூட்டிப் போட்டிருப்பாள். எங்கே கண்ணு, முதல்லேர்ந்து வாசி. அவசரமில்லை, மெதுவா வாசி.