கொட்டிலில் பிறந்த பிள்ளை

இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேஸ்திரி விரலால் தட்டுவார். ஜல்லி சுமந்து நசுங்கிய சட்டி அது. அதிலிருந்து அவ்வளவு பதமான தாளம் எப்படி வந்ததோ, எனக்கு இன்றும் புரியவில்லை. ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டும் வேலை நடந்தபோது, மத்தூரிலிருந்து போன நான் அங்கே ஆள் கணக்கு எழுதும் குமாஸ்தா. மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். டிசம்பர் பிறந்துவிட்டால், சாப்பாட்டு வேளை முடிந்ததும் சிமெண்டுக் கொட்டகையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. பாடப் போவது அங்கிருந்த நாலைந்து கிறிஸ்தவ வீடுகளுக்கு. பாடியவர்களோ நாங்கள்: கன்னடம் பேசும் தச்சர், கல் சுமக்கும் தெலுங்குக்கார அக்கா, சுருதி என்றால் என்னவென்றே அறியாத நான். ஆனாலும் பண்டிகை எங்களைத் தொற்றிக்கொண்டது. தச்சர் மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டினார். நான் குளிக்கும்போதுகூடப் பாடி, அடுத்த அறைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் மேஸ்திரியின் சின்ன மகள் காய்ச்சலில் போய்விட்டாள். முந்தின டிசம்பரில் அவர் தோளில் உட்கார்ந்து எங்களோடு வீடு வீடாக வந்த குழந்தை. இந்த முறை பாட்டே இருக்காது என்று இருந்தோம். அவரே சட்டியோடு வந்து நின்றார். புதிதாக ஒரு பாட்டும் கட்டியிருந்தார். 'மாட்டுக் கொட்டிலிலே பிள்ளை பிறந்ததே' என்று ஆரம்பிக்கும். அக்கா அதை 'பில்ல' என்றே பாடுவாள். நாக்கு வளையவில்லை என்று நாங்கள் கேலி செய்வோம்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் மேஸ்திரி சொன்னார்: "எல்லா வீட்டுக்கும் போவோம். எங்க வீட்டுக்கு மட்டும் வேண்டாம். மக போன நாள்லேருந்து எம் பொஞ்சாதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. யாருகிட்டயும் பேச்சும் இல்ல. பாட்டக் கேட்டா என்ன ஆவாளோ."

அக்காவுக்கு விளங்கவில்லை. "அப்ப இந்தப் பாட்டு யாருக்குங்க மேஸ்திரி? பில்ல பொறந்துச்சு, பில்ல பொறந்துச்சுன்னு இத்தன நாளா பாடறோம். உங்க பாப்பாவுக்கு நீங்க கட்டுன பாட்டுன்னுதானே நான் பாடுனேன்?"

தெலுங்கில் பில்ல என்றால் பெண் குழந்தை. இயேசு பிறந்த கதை அக்காவுக்குத் தெரியாது. மேஸ்திரி குடியிருந்ததும் வண்டிமாட்டுக் கொட்டிலை ஒட்டித்தான். குமாஸ்தா புத்தி, திருத்த வாயெடுத்தேன். மேஸ்திரி கைகாட்டி நிறுத்தினார். சட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

அவர் மனைவி வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பாடி முடித்ததும் அக்கா அவர் கையைப் பிடித்து, "உங்க பாப்பா பாட்டும்மா இது" என்றாள். மேஸ்திரி மறுக்கவில்லை. அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"அப்படின்னா அவ பேரச் சொல்லிப் பாடுங்களேன்" என்றார்.

எங்களில் ஒருவருக்கும் பெயர் தெரியாது. தூக்கிக் கொஞ்சியிருக்கிறோம், மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டிருக்கிறோம். நாங்கள் விழிப்பதைக் கண்டு அந்த அம்மாளே சொன்னார். சொல்லும்போதே உடைந்து அழுதார். அந்த அழுகை ஓயும்வரை காத்திருந்து, மறுபடி பாடினோம்: 'மாட்டுக் கொட்டிலிலே கிருபா பிறந்தாளே.'

எனக்கு வயதாகிவிட்டது. மேஸ்திரியின் பெயர், அக்காவின் பெயர், தச்சரின் பெயர், எல்லாம் மறந்துபோயின. கிருபாவை மட்டும் மறக்கவில்லை.