சூடையோ, பாரையோ

கிளிநொச்சியில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு இன்று பரிசோதனைக்குக் கருவாடு வந்தது. பையைத் திறந்ததும் எழுந்த மணம் என்னைச் சின்ன வயது நாயாற்றுக்குக் கொண்டுபோனது. அம்மா சூடை மீன் காயவைக்கும் முற்றம், பக்கத்தில் தகரக் கூரை மாதா கோயில், அதற்குள் எங்கள் மறைக்கல்வி வகுப்பு.

ஒரு பெடியனிடம் இருந்த இரண்டு மீனை இயேசு ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த கதையை ரீச்சர் சொன்னார். நான் எழுந்தேன்.

"என்ன மீன், ரீச்சர்? சின்னச் சூடையோ, பெரிய பாரையோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசுவாசமில்லாத பிள்ளைக்கு முதல் நன்மை இல்லை. இனிக் கேக்கமாட்டன் எண்டு மன்னிப்புக் கேள்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கதையில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. என்ன மீன் என்றுதான் தெரியவேண்டியிருந்தது. முதன்முதலாகத் திவ்விய அப்பம் வாங்கும் அந்த முதல் நன்மை நாளுக்கான வெள்ளைச் சட்டையோ தைத்து முடிந்திருந்தது.

அம்மா மீன் கையைக் கழுவாமலே என்னைக் கோயில் பாதரிடம் இழுத்துப் போனார்.

"நம்பாத பிள்ளை என்ன மீனெண்டு ஏன் பாதர் கேக்கப்போகுது? இவள் மன்னிப்புக் கேக்கமாட்டாள். நானும் விடமாட்டன்."

பெரிய படிப்பெல்லாம் படித்த பாதர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் தெரியாது, பிள்ளை. நீ என்ன நினைக்கிறாய்?"

"சூடைதான் பாதர். பாரையெண்டால் அந்தப் பெடியன்ர அம்மா வித்திருப்பா."

பாதர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை முதல் நன்மை வாங்க முன்வரிசையில வந்து நில்லு" என்றார். நின்றேன்.

"இவ்வளவு படிச்சும் கோயிலுக்குப் போறீரோ?" என்று ஆய்வுகூடத்தில் சிலர் இப்போது என்னைச் சீண்டுவார்கள்.

"ஓம். கேள்வி கேக்க நான் அங்கதான் பழகினனான்."