நிற்காமல் மாறும் கியரும் நின்று நின்று போன இருதயநாதனும்

இருதயநாதனின் டிராக்டரில் இருக்கிற சின்ன லீவர் வெறும் கம்பிதான், அடியில் எதோடும் சேரவில்லை என்று நத்தம் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. தொண்ணூற்றெட்டாம் வருசக் கோடையில், மாங்காய் இறங்குகிற நேரம் பார்த்துக் கிளம்பியது. கிளப்பியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் டிராக்டர் இருக்கிறது என்பது மட்டும் ஒத்துப்போகிறது. பேச்சைப் பேச்சாகவே விடுவது நியாயமில்லை என்று விசாரித்ததில், கம்பி குற்றமற்றது என்று தெரிந்தது. இருதயநாதனைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டிராக்டர், மலையில் ஒரு காப்பி எஸ்டேட் ஏலத்தில் அவர் எடுத்த சீமை வண்டி. மற்ற வண்டிகளில் கியர் மாற்ற வேண்டுமானால் நிறுத்தி, கிளட்சை மிதித்து, கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர். மேலே தள்ளினால் வேகம், கீழே இழுத்தால் இழுவை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். வாங்கிய புதிதில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு முன்னால் போய், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு அதை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு வந்தவர் அவர்.

பிறகுதான் மெக்கானிக் சடையாண்டி ஒரு வார்த்தை சொன்னார்.

"அண்ணே, ஓட்டத்துல மாத்துறது சொகமாத்தேன் இருக்கும். உள்ள தகடு தேஞ்சிருச்சுன்னா மேட்டுல லோடோட பின்னால வந்துரும். சாமான் சீமையிலருந்துதேன் வரணும், பாத்துக்கங்க."

அன்றிலிருந்து இருதயநாதன் அந்த லீவரைத் தினமும் துடைப்பார், அசைக்கமாட்டார். அசைக்காததை வெளியே சொல்லமாட்டார். "இன்னிக்கு வரைக்கும் கியர் பெட்டியைப் பிரிச்சதில்ல, சீமைச் சரக்குன்னா சும்மாவா" என்பதை மட்டும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

லோடோடு மேடு வந்தால்? அதற்கு அவர் கண்டுபிடித்த உபாயம் பக்தி. மேட்டடியில் குருசடி இருந்தால் வண்டியை நிறுத்திச் சிலுவை போடுவார். அந்தச் சாக்கில் கிளட்சை மிதித்து, மற்ற வண்டிகளில் போலவே இதிலும் இருந்த பெரிய கியரை இறக்கிக்கொண்டு கிளம்புவார். குருசடி இல்லாத இடத்தில் கன்னிமார் கோயில், அதுவும் இல்லாத இடத்தில் தர்கா. பங்குச்சாமியார் பூசையிலேயே அவரைப் பாராட்டிப் பேசிவிட்டார். மனைவி வியாகுலம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "வீட்டுல செபம் சொல்லக் கூப்ட்டா கொட்டாவி வருது. ரோட்டுல மட்டும் எங்கிட்டிருந்து வருதோ இம்புட்டு பக்தி."

மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிற கிதர் முகம்மது காதிலும் அந்தக் கம்பிப் பேச்சு விழுந்தது. அவருடைய சீசன் லோடு கிடைத்தால்தான் இருதயநாதனுக்குக் கோடை. உழவில்லாத மாதங்களில் லோடும் போய்விட்டால் டிராக்டர் ஆடி வரைக்கும் வாசலில் நிற்கும். வியாகுலம்மாள் அதில் வடகம் காயப்போட ஆரம்பித்துவிடுவார்.

"ஒரு நடை கூட வந்து பாக்குறேன். சரியா இருந்தா சீசன் பூரா ஒனக்கு" என்று பாய் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் டிரெய்லர் நிறைய காசாலட்டு மாங்காய், கூடை கூடையாக.

முதல் மேட்டடியில் வண்டி நின்றது.

"என்னய்யா இருதயம்?"

"குருசடி, பாய். செத்த இருங்க."

அடுத்த மேட்டடியில் கன்னிமார் கோயில்.

"இதுவுமா?"

"வழியில இருக்கிறவுகளுக்கு ஒரு மரியாதை."

தர்கா முன்னால் நின்றபோது பாயும் இறங்கி சலாம் வைக்க வேண்டியதாயிற்று. இருதயநாதனே கும்பிடும்போது தான் உட்கார்ந்திருந்தால் நன்றாக இராது. திரும்ப ஏறியதும் நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணு கவனிச்சியா? ஒங்க சாமி, அவுக சாமி, எங்க அவுலியா, எல்லாரும் மேட்டடியிலதேன் இருக்காக. சமதரையில ஒருத்தருக்கும் எடம் கெடைக்கலபோல."

இருதயநாதன் ஆக்சிலேட்டரைக் கூட்டினார்.

"இடது பக்கம் திருப்பு. கம்மாய்க் கரை வழியாப் போவம்."

"அது சுத்து, பாய்."

"இருக்கட்டும். சாமி இல்லாத மேடு அது ஒண்ணுதேன்."

கரை மேட்டில் பாதி ஏறுவதற்குள் இன்ஜின் முனக ஆரம்பித்தது. இருதயநாதன் இரண்டு பக்கமும் தேடினார். சற்றுத் தள்ளி மஞ்சளாக ஒரு கல் தெரிந்தது. கை தன்னால் நெற்றிக்குப் போனது.

"அது சர்வே கல்லு" என்றார் பாய்.

இனி நின்றாலும் வண்டி பின்னால் போகும், நிற்காவிட்டாலும் இன்ஜின் அணைந்து பின்னால் போகும். இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டு லீவரை இழுத்தார். ஒரு குலுக்கு. அவ்வளவுதான். வண்டி மேட்டைக் கவ்விப் பிடித்துத் தன்பாட்டுக்கு ஏறியது. பாய்க்குப் பெரிய ஆச்சரியமில்லை. வாயைப் பிளந்தது இருதயநாதன்தான். தகடு தேயாமல் இருந்ததற்குச் சீமை காரணமா, சடையாண்டி காரணமா, வழிநெடுக நின்ற சாமிகள் காரணமா என்று இன்றுவரை அவருக்கே தீர்மானமில்லை.

குலுக்கில் ஒரு கூடை மட்டும் சரிந்து கரைக்குக் கீழே உருண்டது. கீழே மாயம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். இருவரும் இறங்கிப் போவதற்குள் ஆடுகள் மாங்காயைத் தின்று முடித்துக் கூடை நார் வரைக்கும் வந்திருந்தன.

"லோடு ஒனக்குத்தேன்" என்றார் பாய். "ஆனா மெயின் ரோட்டுலயே வா. எல்லாச் சாமிகிட்டயும் நின்னு வா. நீ கும்பிட்டு வந்தப்ப ஒரு காய் விழுகல."

"சரி பாய்."

"இந்தக் கூடையை எப்பத் தாரே?"

"நானா? கம்மாய்க் கரைக்குத் திருப்பச் சொன்னது யாரு?"

"லீவரை இழுத்தது என் கையா?"

அந்தச் சீசன் முடிந்து எத்தனையோ சீசன் லோடு அடித்தாகிவிட்டது. அந்தக் கூடைக்கு அடுத்தவர்தான் பொறுப்பு என்று இருவரும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாயம்மாள் இரண்டு பேர் பேச்சையும் ஒப்புக்கொள்வதில்லை. அன்றைக்குக் கண்டதைத் தின்று கிடாய்க்கு வயிற்றாலே போனதாகவும், அதற்கு அரைத்துக் கொடுத்த ஓமத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து தரவேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் பேசி ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அதைக் கொடுப்பதில்லை என்பது.