ஆண்டவர் போட்ட அப்பீல்

ஆண்டவர் தன் மேல் அப்பீல் போட்டிருக்கிறார் என்று நம்பிய ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியவள் நான். சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் அதை அவ்வளவு நிச்சயமாக நம்பினார்.

அப்போது அவர் காங்கேயத்திலிருந்து கோவைக்குத் தேங்காய் எண்ணெய் டின் ஏற்றிவரும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பக்கத்து சீட்டில் அவருடைய தம்பி. முன்னால் போன லாரியை முந்தும்போது விபத்து. தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். கேஸ் நடந்தது. ரோட்டில் பள்ளம், எதிரே வந்தவன் கண்மண் தெரியாமல் வந்தான், இவர் மேல் குற்றமே இல்லை என்று கோர்ட்டு விடுதலை செய்தது. சொந்தமெல்லாம் தோளைத் தட்டிவிட்டுப் போனது. இவரோ வேனை விட்டுவிட்டு, துடியலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கோயிலில் இயேசுவின் நினைவாகக் கொடுக்கும் இராப்போஜனம் வாங்குவதையும் அத்தோடு விட்டார். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க ஆரம்பித்ததும் மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டால் செருப்பைக் காணோம் என்பார். எத்தனை வருஷமாக ஒரு மனிதருக்குச் செருப்பு காணாமல் போகும்?

எங்கள் சபையில் புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கைக்கு வரும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குத் தரும் வார்த்தை. பிடிக்கவில்லை என்று திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுக்கக் கூடாது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம் அது. எனக்குச் சமாதானம் வந்தது, மகளுக்கு ஆசீர்வாதம் வந்தது. இவர் அட்டையில் 'வழக்காடுவோம் வாருங்கள்' என்று மட்டும் இருந்தது. கீழே ஒரு ரோஜாப்பூப் படம் வேறு.

மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"கோர்ட்டுல தப்பிச்சுட்டேன்னு இருந்தேன் அம்மணி. மேல அப்பீல் போயிருக்குது."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்ததாக அவர் சொன்னதுதான் அந்தச் சிரிப்பை நிறுத்தியது. கல்யாணப் பெண் கோயிலுக்குக் கிளம்பும்முன் அப்பாவும் அம்மாவும் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்குத் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றார். ஸ்டியரிங் பிடித்த அந்தக் கை பிள்ளை தலைமேல் படக்கூடாதாம். மகளிடம் கெஞ்சிப் பார்க்கச் சொன்னேன். அவள் கெஞ்சவில்லை. அப்பா கைவைக்காமல் நான் காரில் ஏறமாட்டேன் என்று அறிவித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் வயிற்றில் பிறந்தவள் வேறெப்படிப் பேசுவாள்?

எனக்கு வந்த கோபத்துக்கு, அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நேராக எங்கள் சபை ஆயரிடம் போனேன். புது வருஷமும் அதுவுமாகச் சம்மன் அனுப்புவதுதான் வாக்குத்தத்தமா என்று கேட்டேன். அவர் அட்டையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். நீளமான வசனங்கள் அட்டைக்குள் அடங்காமல் பிரிண்டிங்கில் வெட்டுப்பட்டிருந்தன. ஒருவரும் சரிபார்க்கவில்லை. வெட்டுப்பட்ட மீதியை வேதத்தில் எடுத்துக் காட்டினார். உங்கள் பாவம் ரத்தச் சிவப்பாக இருந்தாலும் பஞ்சு போல வெளுத்துப்போகும் என்று எபிரெயத் தீர்க்கதரிசியின் வாயால் ஆண்டவர் சொல்கிறார். வழக்காடுவது என்று நாம் படிக்கும் எபிரெயச் சொல்லுக்கு, எதிரெதிரே உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பேசித் தீர்ப்பது என்றும் பொருள் உண்டு என்றார் ஆயர்.

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் என்னைப் பிடித்து உலுக்கியது அந்தச் சிவப்பு. கறையே இல்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. சிவப்புத்தான், ரத்தச் சிவப்பேதான் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வெளுக்கிறேன் என்கிறார். கோர்ட்டு சொன்னது கறையே இல்லை என்று. சொந்தக்காரர்கள் சொன்னதும் அதுதான். நானும் அதைத்தானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! இல்லாத குற்றத்தை யார் மன்னிக்க முடியும்? குற்றமில்லை என்று சொல்லிச் சொல்லியே இந்த மனிதருக்கு மன்னிப்பே கிடைக்காமல் செய்துவிட்டோம். எனக்கு பஸ்ஸிலேயே எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது.

வீட்டுக்குப் போனதும் ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டேன்.

"ஏனுங்க, கேஸை நடத்திப்போடலாம் வாங்க. கோர்ட்டுல சொல்லாததை இப்பச் சொல்லுங்க."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அண்ணா, முந்தாதீங்கன்னு சொன்னான். கெஞ்சுனான் அம்மணி. நாந்தான் கேக்கல. நாந்தான் அவனைக் கொன்னுபோட்டேன்."

அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். தப்பு உங்களுடையதுதான் என்று சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அதை அவரிடம் அதுவரை யாருமே சொன்னதில்லை. அப்புறம்தான் வேதத்தை எடுத்து அந்த வசனத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப, சிவப்புன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதானுங்க கூப்படறாரு."

தம்பியின் சாவுக்குக்கூட அழாத மனிதர், தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதார். நான் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செருப்பு காணாமல் போகவில்லை. நேரே போய் முழங்காலிட்டு அப்பத்தை வாங்கிக்கொண்டார். பின் வரிசையில் நான் கொஞ்சம் சத்தமாகவே பாடினேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

கல்யாணத்தன்று காலை வாசலில் கார் நின்றிருந்தது. அவர் மகளைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் அவள் தலையில் வைத்தார். கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தவர் முடிக்கிற வழியாக இல்லை. தலையில் வைத்த மல்லிகை கசங்கியது. மகள் அசையவில்லை. மேக்கப் செய்த பெண் என்னையே பார்த்தாள். கடைசியில் போட்டோக்காரர்தான் பக்கத்தில் வந்து, போதுங்க, படம் எடுத்தாச்சு, கையை எடுங்க என்றார்.

"எடுக்க மாட்டனுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.