முற்றத்துக்கு வந்த ஜெபம்

விசுவாசத்தில் எனக்குச் சொந்தமானவர்களே, கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

1942ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில், திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. என் கணவர் சாமுவேல் அங்கே தச்சு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் நின்ற கொட்டகை அப்படியே சரிந்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளி அந்த இடத்திலேயே இறந்துபோனார். இவரைக் கூரைத் தகரங்களுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தார்கள். உடம்பில் பெரிய காயம் இல்லை. பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தார். வாசலோடு நின்றுவிட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர் எந்தக் கூரைக்குக் கீழும் வரவில்லை. சாப்பாடு முற்றத்தில். படுக்கை மாமரத்தடியில். படுப்பார், எழும்புவார், வேலியோரமாக நடப்பார். பகல் முழுதும் அந்த நடைதான். எனக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும்போது வாசலுக்கு ஓடுவேன். வாசலுக்கு வந்தால் அடுப்பு நினைவு வரும். கையில் எடுத்த வேலை எதுவும் முடியாது. ஜெபம்கூட முடியாது. முழங்காலில் நிற்பேன், இரண்டு வார்த்தை சொல்வேன், எழுந்துவிடுவேன்.

நகரத்தில் பாதிச் சனம் ஊரை விட்டுப் போய்விட்டது. எங்கள் ஆலயத்தில் ஆராதனை நின்றுபோனது. மிஞ்சியிருந்த சில பெண்கள் பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் மாலை ஜெபம் வைக்கலாமா என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் சபையில் மூத்தவரான அன்னம்மாக்காவிடம் மறுப்புச் சொல்லத்தான் போனேன்.

“என்ர மனுசனே உள்ளுக்கு வாறார் இல்லை, அக்கா. ஊராரை நான் எப்பிடிக் கூப்பிடுறது?”

அன்னம்மாக்கா, “அவர் உள்ளுக்கு வராட்டி, நாங்கள் முத்தத்துக்கு வருவம்” என்றார்.

அப்படியே வந்தார்கள். கதிரைகளையும் பாய்களையும் வெளியே போட்டோம். பாடல் சத்தம் கேட்டு ரோட்டால் போகிறவர்களும் வேலிக் கதவான படலையடியில் நிற்பார்கள். அவர்களையும் கூப்பிட்டு இருத்துவோம். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். அவித்த மரவள்ளிக் கிழங்கும் வெறுந்தேநீரும் கொடுத்தேன். சைவக்காரரும் இஸ்லாமானவர்களும் அந்தப் பாயில் இருந்து ஆறிப்போனார்கள்.

என் கணவர் மட்டும் பாயில் இருக்கவில்லை. நாங்கள் பாடப் பாட அவர் எங்களைச் சுற்றி நடந்தார். மாதங்கள் போயின. எனக்குக் கர்த்தரோடு கோபம் வந்தது. இத்தனை பேரை அனுப்புகிறீர், இவர் ஒருவரை இரண்டடி உள்ளே கொண்டுவர மாட்டீரா என்று அழுதேன்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. ஒரு மாலை ஜெபத்தின் நடுவில் கொட்டத் தொடங்கிவிட்டது. அன்று வந்திருந்தது பெண்களும் பிள்ளைகளும்தான்; பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம். அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மாமரத்தடியில் நின்றார்.

அந்த நேரம் படலையடியில் ஒரு மாட்டுவண்டி வந்து நிற்க, அதிலிருந்து ஒரு பெண் உதவி கேட்டுக் கூப்பிட்டார். கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்து போயிருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் கிண்ணியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சுலைகா என்ற அந்தப் பெண்ணின் கணவர் மலேரியாக் காய்ச்சலில் நினைவில்லாமல் வண்டிக்குள் கிடந்தார். வண்டிக்காரர் கிழவர், மாடுகள் மிரளாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நோயாளியின் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பெரிய ஆள். அசைக்கவே முடியவில்லை.

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். “இஞ்சருங்கோ, எனக்கு ஏலாமல் கிடக்கு” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

சாக்கை எறிந்துவிட்டு வந்தார். அந்த மனிதரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்றுவிட்டார். ஓட்டின் மேல் மழை இரைந்தது. நான் வாய்க்குள்ளே கர்த்தரின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கதை எதுவும் தெரியாத சுலைகா, அண்ணனை அழைக்கும் முறையில், பின்னால் நின்று சொன்னார்: “காக்கா, அவர் நனையிறார்.”

என் கணவர் குனிந்து உள்ளே போனார்.

நோயாளியைக் கட்டிலில் கிடத்தினார். இனி வெளியே பாய்ந்து ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஈரத்தோடு நிலத்தில் இருந்து, அந்த மனிதரின் பாதங்களைத் தேய்த்துச் சூடாக்கினார். அலுமாரியில் மலேரியாவுக்கான கொயினாக் குளிசை இருக்கிறதா என்று கேட்டார். பிறகு சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்து, “ஜெபம் பாதியில நிண்டது. சொல்லி முடியுங்கோ” என்றார்.

நான் தொடங்கினேன். முழங்காலில் நின்றவள் முடியும்வரை எழும்பவில்லை.

காய்ச்சல் இறங்கி, நடக்கத் தெம்பு வந்த பிறகு அவர்கள் தோணியேறிக் கிண்ணியாவுக்குப் போனார்கள். என் கணவர் மறுபடி வேலைக்குப் போகிறார். எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் விமானச் சத்தம் கேட்டால் இன்னும் வெளியே போய் நடப்பார். ஆனால் திரும்பி வருகிறார். போரும் முடியவில்லை. ஆலயம் திறந்த பின்னும் எங்கள் வீட்டு ஜெபம் நிற்கவில்லை. வழிப்போக்கர் வருவதும் நிற்கவில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

உங்கள் வீட்டிலும் மற்றவர் பார்க்கக்கூடாது என்று நீங்கள் மூடிவைத்திருக்கும் துக்கம் ஏதும் இருக்கலாம். அது தீரட்டும், பிறகு ஆட்களைக் கூப்பிடுவோம் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே கூப்பிடுங்கள். எங்களுக்கு வேண்டிய உதவியைக் கர்த்தர், எங்களிடம் உதவி கேட்டு வந்தவர்களின் கையில்தான் கொடுத்தனுப்பினார்.